காக்ளியாவின் செயலிழந்த பகுதிகளைக் கண்டறிவது எப்படி? டென் சோதனை, முழு வழிகாட்டி

ஒரே மாதிரி ஆடியோகிராம் (எந்த ஒலி எவ்வளவு உரத்திருந்தால் கேட்கும் என்று காட்டும் வரைபடம்) உள்ள இரண்டு பேருக்கு ஒரே மாதிரி காது மெஷின் பொருத்துகிறோம். ஒருவர் சில வாரங்களில் பழகிவிடுகிறார். இன்னொருவர் திரும்பத் திரும்ப வந்து, "சத்தம் நல்லா கேக்குது, பேச்சுதான் புரியல. கூட்டி வச்சா இன்னும் மோசமாயிடுது" என்கிறார். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்புவது எளிது. பல பேர் விஷயத்தில் அது உண்மையும்கூட. ஆனால் சிலருக்கு எவ்வளவு பழகினாலும் சரியாகாது. ஏனென்றால், மெஷின் பெருக்கித் தரும் ஒலியை வாங்கிக்கொள்ள வேண்டிய இடமே உட்செவியில் வேலை செய்வதில்லை.

அந்த இடங்களைக் கண்டறியும் டென் (TEN, Threshold Equalizing Noise) சோதனை பற்றியது இந்தக் கட்டுரை. செவித்திறன் துறையில் படிப்பவர்கள், புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள், தங்கள் காதில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பும் மெஷின் பயன்படுத்துபவர்கள் எல்லாரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். வீட்டில் தானே செய்து பார்க்கும் சோதனை அல்ல இது. ஆனால் என்ன கேட்க வேண்டும், அறிக்கையில் எதைப் பார்க்க வேண்டும் என்பது யாருக்கும் தெரிந்திருக்கலாம்.

உள்ளே என்ன கெட்டுப்போகிறது

காக்ளியா என்பது உட்செவியில் நத்தை ஓடு போலச் சுமார் இரண்டரைச் சுற்று சுற்றிய குழாய். அதற்குள் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு சவ்வு ஓடுகிறது. அதன் அடிப்பகுதி உயர்ந்த அதிர்வெண்களுக்கும், உச்சிப்பகுதி தாழ்ந்த அதிர்வெண்களுக்கும் அதிகம் அசைகிறது. சவ்வின் மேல் இரண்டு வகை முடிச்செல்கள் (முடி போன்ற இழைகள் கொண்ட செல்கள்) இருக்கின்றன. சுமார் 12,000 வெளி முடிச்செல்கள் மெல்லிய ஒலியால் வரும் அசைவைப் பெருக்கிக் கொடுக்கின்றன. சுமார் 3,500 உள் முடிச்செல்கள்தான் அந்த அசைவை நரம்புக்குச் செய்தியாக மாற்றி அனுப்புகின்றன.

வெளி முடிச்செல்கள் மட்டும் போனால் மெல்லிய ஒலிகள் கேட்காது. ஒலியைப் பெருக்கிக் கொடுத்தால் ஓரளவு ஈடுகட்டலாம். காது மெஷின் செய்வது அதைத்தான். உள் முடிச்செல்களோ அவற்றோடு இணைந்த நரம்பிழைகளோ ஒரு பகுதியில் முழுதாகவோ கிட்டத்தட்ட முழுதாகவோ போய்விட்டால் கதை வேறு. அந்த இடம் எவ்வளவு அசைந்தாலும் மூளைக்குச் செய்தி போகாது. இதையே காக்ளியாவின் செயலிழந்த பகுதி என்கிறோம். நீண்ட கால இரைச்சல், முதுமை, காதைப் பாதிக்கும் சில மருந்துகள், தொற்று, மரபுக் காரணங்கள் என எதனாலும் இது வரலாம்.

சரி, அந்தப் பகுதிக்குரிய டோன், அதாவது ஒற்றை அதிர்வெண் ஒலி, கேட்கவே கூடாதே, ஆடியோகிராமில் எப்படி ஒரு புள்ளி விழுகிறது? டோனை உரக்கக் கொடுக்கும்போது அசைவு அக்கம்பக்கத்துக்கும் பரவுகிறது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வந்த தபாலைப் பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வது மாதிரி, பக்கத்தில் உயிரோடு இருக்கும் செல்கள் அந்த டோனைப் பிடித்துக்கொள்கின்றன. நோயாளி பட்டனை அமுக்குகிறார். நாமும் 3000 ஹெர்ட்ஸில் 84 டெசிபல் என்று குறித்துக்கொள்கிறோம். உண்மையில் அதைக் கேட்டது 1700 ஹெர்ட்ஸுக்குரிய இடமாக இருக்கலாம். ஒரு டோன் எந்த அளவில் கேட்கத் தொடங்குகிறது என்பதை ஆடியோகிராம் சொல்லும், அது எந்த இடத்தில் கேட்கிறது என்பதைச் சொல்லாது. அடுத்து வரும் எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைப்பவைதான்.

டென் சோதனையின் அடிப்படை

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பிரையன் மூரும் அவருடைய குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் இந்தச் சோதனையை வெளியிட்டார்கள். 2004-இல் ஆடியோமீட்டரின் (கேட்கும் திறனை அளக்கும் கருவி) டெசிபல் அளவிலேயே நேரடியாகச் செய்யும்படி மாற்றியமைத்த வடிவம் வந்தது. இன்று பெரும்பாலும் புழக்கத்தில் இருப்பது அந்த இரண்டாவது வடிவம். 500, 750, 1000, 1500, 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ் என ஏழு அதிர்வெண்களில் செய்யலாம்.

சோதனையில் பயன்படும் இரைச்சல் விசேஷமாக வடிவமைத்தது. சாதாரணக் காதில் அந்த இரைச்சலை 70 டெசிபலில் வைத்தால், எந்த அதிர்வெண் டோனாக இருந்தாலும் ஏறக்குறைய 70 டெசிபலுக்கு வந்த பிறகே கேட்கும். காது கேளாமை இருந்தாலும், அந்த இடத்துச் செல்கள் வேலை செய்கிற வரை கணக்கு பெரிதாக மாறாது, இரண்டு மூன்று டெசிபல் கூடலாம்.

செயலிழந்த பகுதி இருந்தால் நிலைமை வேறு. டோனை ஒட்டுக்கேட்பது பக்கத்துப் பகுதி. அங்கே வந்து சேரும் டோனின் அசைவு சொற்பம். இரைச்சலோ அந்தப் பகுதியிலும் முழு பலத்தோடு இருக்கிறது. சொற்ப அசைவு இரைச்சலில் மூழ்கிவிடும். டோனை இன்னும் நிறைய உயர்த்தினால்தான் கேட்கும். அந்த 'இன்னும் நிறைய' எவ்வளவு என்று அளப்பதுதான் சோதனை.

யாருக்குச் செய்யலாம்

காது கேளாமை உள்ள எல்லாருக்கும் தேவையில்லை. நடத்துத்தடைக் கேளாமை மட்டும் உள்ளவருக்கு, அதாவது வெளிக்காதிலோ நடுக்காதிலோ மட்டும் பிரச்சினை உள்ளவருக்கு, இதனால் பயனில்லை. உட்செவி சார்ந்த கேளாமையில் இந்த அறிகுறிகள் இருந்தால் யோசிக்கலாம்:

- ஏதாவது அதிர்வெண்ணில் 70 டெசிபலுக்கு மேல் இழப்பு. 90-ஐத் தாண்டினால் சந்தேகம் வலுக்கிறது.
- ஆடியோகிராம் சட்டென்று செங்குத்தாகச் சரிவது, உதாரணத்துக்கு ஓர் ஆக்டேவுக்குள் (அதிர்வெண் இரட்டிப்பாகும் இடைவெளி) 50 டெசிபல்.
- ஆடியோகிராமை வைத்து எதிர்பார்க்கும் அளவைவிடப் பேச்சுப் புரிதல் மிகவும் குறைவாக இருப்பது.
- டோன் கொடுக்கும்போது "இது பீப் இல்லீங்க, ஏதோ கரகரன்னு இருக்கு" என்று சொல்வது.

இவை ஒவ்வொன்றும் சாடை மட்டுமே. செங்குத்தான சரிவு இருந்தும் செயலிழந்த பகுதி இல்லாதவர்கள் உண்டு. டோன் தெளிவாகக் கேட்கிறது என்று சொல்லியும் சோதனையில் சிக்குபவர்கள் உண்டு. கரகரப்பு என்ற வர்ணனையை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். சாதாரணக் காதுள்ளவர்களே சில டோன்களை அப்படி வர்ணிப்பதுண்டு.

தொடங்கும் முன்

முதலில் காதுக்குள் பாருங்கள். குறும்பி அடைத்திருந்தால் எடுத்த பிறகுதான் மற்றது. டிம்பனோமெட்ரி செய்து நடுக்காது நன்றாக இருக்கிறதா என்று உறுதிப்படுத்துங்கள். வழக்கமான காற்றுவழி, எலும்புவழி ஆடியோமெட்ரியும், தேவையான மாஸ்கிங்கும் (சோதிக்காத காதை இரைச்சலால் மறைப்பது) முடிந்திருக்க வேண்டும்.

அடுத்து கருவி. புதிய ஆடியோமீட்டர்கள் சிலவற்றில் டென் சோதனை உள்ளேயே இருக்கும். இல்லாவிட்டால் சோதனைக்கான ஒலிப்பதிவை இரண்டு சானல் ஆடியோமீட்டரில் இணைத்து, ஒரு சானலில் டோன், மறு சானலில் இரைச்சல் என வைத்து, இரண்டையும் ஒரே காதுக்கு அனுப்ப வேண்டும். பதிவோடு வரும் அளவுதிருத்த டோனை ஓடவிட்டு, இரண்டு சானலின் முள்ளும் சொல்லப்பட்ட இடத்தில் நிற்கும்படி சரிசெய்யுங்கள். இதை அவசரத்தில் விட்டுவிட்டால் வரும் எண்கள் எதற்கும் அர்த்தமில்லை. பதிவு எந்த வகை ஹெட்ஃபோனுக்காகத் தயாரிக்கப்பட்டதோ அதையே பயன்படுத்துங்கள். கையில் கிடைத்த வேறு ஹெட்ஃபோனில் இரைச்சலின் வடிவம் மாறிவிடும்.

நோயாளியிடம் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாக, தெளிவாகச் சொல்லுங்கள். "இப்ப உங்க காதுல ஒரு இரைச்சல் தொடர்ந்து வரும். அதைக் கண்டுக்காதீங்க. அதுக்கு நடுவுல வேற ஏதாவது சத்தம் விட்டு விட்டு வந்தா மட்டும் பட்டனை அமுக்குங்க. எப்படிப்பட்ட சத்தமா இருந்தாலும் பரவாயில்லை. இரைச்சல் தாங்க முடியலன்னா உடனே கையைத் தூக்குங்க." 'எப்படிப்பட்ட சத்தமா இருந்தாலும்' என்பதை விட்டுவிடாதீர்கள். செயலிழந்த பகுதியில் டோன் சுருதியோடு கேட்காமல் போகலாம், 'பீப்' வரட்டும் என்று அவர் காத்திருப்பார்.

படி 1: அமைதியில் அளவிடுங்கள்

பழைய ஆடியோகிராமின் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தச் சோதனையின் டோனைக் கொண்டே, இதே ஹெட்ஃபோனில், ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் நோயாளி கேட்கத் தொடங்கும் அளவை, அதாவது த்ரெஷோல்டை, மறுபடி எடுங்கள். வழக்கமான 5 டெசிபல் படி இங்கே மிகவும் பெரிது. முடிவே 10 டெசிபல் வித்தியாசத்தில் தொங்குகிறது, அதில் 5 டெசிபல் பிழை வந்தால் பாதி போய்விட்டது. கடைசிக் கட்டத்தில் 2 டெசிபல் படி வையுங்கள்: பதில் வந்தால் 4 இறக்குங்கள், வராவிட்டால் 2 ஏற்றுங்கள்.

படி 2: இரைச்சலின் அளவைத் தீர்மானியுங்கள்

த்ரெஷோல்டு 60 டெசிபல் வரை உள்ள அதிர்வெண்களுக்கு இரைச்சலை 70-இல் வைக்கலாம். 60-ஐத் தாண்டினால், அந்த அதிர்வெண்ணின் த்ரெஷோல்டைவிட 10 டெசிபல் அதிகம் வையுங்கள். 74 என்றால் 84.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று. டயலில் தெரியும் 84 டெசிபல் முழு இரைச்சலின் அளவு அல்ல. காது ஒலியைப் பல சிறு பட்டைகளாகப் பிரித்துக் கேட்கிறது. அப்படிப்பட்ட ஒரு பட்டைக்குள் விழும் அளவுதான் அந்த 84. எல்லாப் பட்டைகளையும் கூட்டினால் காதுக்குள் போவது அதைவிட 10 டெசிபலுக்கும் மேல் அதிகம். அதனால்தான் நோயாளி முகம் சுளிக்கிறார். இரைச்சலைச் சட்டென்று முழு அளவில் திறக்காமல் படிப்படியாக ஏற்றுங்கள். குறிப்பு எழுதும்போதும் பேசும்போதும் அணைத்துவிடுங்கள். தாங்க முடியவில்லை என்றால் த்ரெஷோல்டுக்குச் சமமான அளவிலாவது வைத்துப் பார்க்கலாம். அதற்கும் கீழே போனால் இரைச்சல் போதிய அளவு மறைக்காமல் போகலாம், தெளிவான முடிவும் கிடைக்காமல் போகலாம். காதிரைச்சல் உள்ளவர்களிடமும், சற்று உரத்த ஒலியையே தாங்க முடியாதவர்களிடமும் கூடுதல் நிதானம் தேவை.

படி 3: இரைச்சலோடு மறுபடி அளவிடுங்கள்

இரைச்சலைத் திறந்து சில நொடிகள் ஓடவிடுங்கள். பிறகு டோனைத் தெளிவாகக் கேட்கும் அளவில் தொடங்கி, அதே 4 இறக்கம், 2 ஏற்றம் முறையில் த்ரெஷோல்டை எடுங்கள். பதில்கள் தடுமாறினால் டோனின் தாளத்தை மாற்றிப் பாருங்கள். இரைச்சலுக்குள் டோன் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு ஒரே சீரில் பட்டனை அமுக்குபவர்கள் உண்டு. இடையே டோனே கொடுக்காமல் சற்று நேரம் விட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஏழு அதிர்வெண்ணையும் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. நேரம் குறைவென்றால் சந்தேகமுள்ள பகுதியிலிருந்து தொடங்கி, நல்ல பகுதி வரும்வரை போங்கள்.

படி 4: எண்களைப் படியுங்கள்

ஓர் அதிர்வெண்ணில் செயலிழந்த பகுதி இருப்பதாகச் சொல்ல இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேற வேண்டும். இரைச்சலில் கிடைத்த த்ரெஷோல்டு, இரைச்சலின் அளவைவிட 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அதோடு, அமைதியில் கிடைத்த த்ரெஷோல்டைவிடவும் 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்.

விளக்கத்துக்காக நானே எழுதிய ஓர் உதாரணம்:

| அதிர்வெண் (ஹெர்ட்ஸ்) | அமைதியில் | இரைச்சல் அளவு | இரைச்சலில் |
|---|---|---|---|
| 500 | 30 | 70 | 70 |
| 1000 | 42 | 70 | 72 |
| 1500 | 56 | 70 | 74 |
| 2000 | 74 | 84 | 96 |
| 3000 | 84 | 90 | 104 |
| 4000 | 96 | 90 | 104-லும் பதில் இல்லை |

1500 வரை பிரச்சினை இல்லை, இரைச்சலைவிட அதிகபட்சம் 4 டெசிபல்தான் கூடியிருக்கிறது. 2000-இல் இரைச்சலைவிட 12, அமைதியைவிட 22 கூடியிருக்கிறது. இரண்டு நிபந்தனையும் நிறைவேறுகிறது. 3000-க்கு விதிப்படி 94 வைத்திருக்க வேண்டும், கருவியால் முடிந்தது 90. இருந்தாலும் இரைச்சலைவிட 14, அமைதியைவிட 20 கூடியிருப்பதால் முடிவு செல்லும்.

4000-தான் சிக்கல். கருவியின் உச்சமான 104-இலும் பதில் இல்லை. இரைச்சலான 90-ஐவிட 14-க்கும் மேல் போய்விட்டது, முதல் நிபந்தனை சரி. அமைதியில் கிடைத்த 96-ஐவிட 8-க்கும் மேல் என்று மட்டுமே சொல்ல முடிகிறது, 10 ஆனதா என்று தெரியாது. எனவே 'முடிவு தெரியவில்லை' என்றுதான் எழுத வேண்டும். பக்கத்திலேயே 2000, 3000 இரண்டும் செயலிழந்திருக்கும்போது 4000 மட்டும் உயிரோடு இருக்குமா என்று கேட்டால், எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் அது என் ஊகம், சோதனை முடிவு அல்ல. அறிக்கையில் இரண்டையும் கலக்கக் கூடாது.

எல்லை எங்கே? 1500 நன்றாக இருக்கிறது, 2000 இல்லை. ஆக, செயலிழந்த பகுதி இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ தொடங்குகிறது. இந்த எல்லை அதிர்வெண்தான் பிறகு மெஷின் அமைப்புக்குத் தேவைப்படும்.

ஏமாற்றக்கூடிய இடங்கள்

இரண்டு காதுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் எச்சரிக்கை. மோசமான காதுக்குக் கொடுக்கும் டோனும் இரைச்சலும் மண்டையோட்டு வழியாக நல்ல காதுக்கும் கசிகின்றன. இரண்டும் ஒரே அளவு குறைந்து போய்ச் சேர்வதால் அவற்றுக்கிடையேயான விகிதம் மாறுவதில்லை. நல்ல காது டோனைப் பிடித்துவிட்டால், இருக்கிற செயலிழந்த பகுதி இல்லாததுபோல் தோன்றும். நல்ல காதுக்குத் தனியாக மாஸ்கிங் தேவைப்படும். இரண்டு சானலும் ஏற்கெனவே டோனுக்கும் இரைச்சலுக்கும் போய்விட்ட நிலையில், மூன்றாவது ஒலி மூலம் இல்லாத கருவியில் இது முடியாது. அப்படியானால் அந்த வரம்பை அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று செவி நரம்பு ஒத்திசைவுக் கோளாறு. உட்செவிச் செல்கள் ஒலியை வாங்கினாலும், நரம்பில் செய்தி ஒழுங்கான நேரக்கணக்கில் போகாத நிலை இது. இவர்களுக்கு இரைச்சலில் எதையும் பிரித்துக் கேட்பதே கடினம். அதனால் செயலிழந்த பகுதி இல்லாமலேயே டென் எண்கள் எகிறும். ஏழு அதிர்வெண்ணிலும், த்ரெஷோல்டு நன்றாக இருக்கும் இடத்தில்கூட, சோதனை 'உண்டு' என்று சொன்னால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். மூளைத்தண்டுச் செவித்திறன் சோதனையும், செவி உமிழ்வு ஒலிச் சோதனையும் (உட்செவி தானே எழுப்பும் மெல்லிய ஒலியை அளப்பது) பார்த்துவிட்டுப் பேசலாம்.

"அந்தச் சோதனைகளே போதாதா, இது எதற்கு?" என்று மாணவர்கள் கேட்பார்கள். செவி உமிழ்வு ஒலிகள் வெளி முடிச்செல்களைப் பற்றித்தான் சொல்கின்றன, உள் முடிச்செல்கள் இருக்கின்றனவா என்று சொல்வதில்லை. ஸ்கேனில் செல்கள் தெரிவதில்லை. நோயாளியின் பதிலை வைத்துத்தான் இதைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

10 முதல் 12 டெசிபலுக்குள் வந்த முடிவை ஒரே தடவையில் நம்பாதீர்கள். சற்று ஓய்வு கொடுத்துவிட்டு அந்த ஓர் அதிர்வெண்ணை மறுபடி எடுத்தால், களைப்பா காதா என்று தெரிந்துவிடும்.

எல்லையைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள

டென் சோதனை 'உண்டு, இல்லை' என்று சொல்லும். எல்லையைக் குறுகலாகப் பிடிக்க இன்னொரு முறை இருக்கிறது, அதிர்வெண் இசைவு வரைகோடு. ஒரு டோனை நோயாளி கேட்கும் அளவைவிட 10 டெசிபல் மேலே நிலையாக வைத்துக்கொண்டு, ஒரு குறுகிய பட்டை இரைச்சலை ஒவ்வோர் அதிர்வெண்ணாக நகர்த்தி, டோனை மறைக்க எங்கே மிகக் குறைந்த இரைச்சல் போதும் என்று பார்க்கிறோம். கோடு ஆங்கில வி எழுத்து வடிவில் வரும். சாதாரணமாக அதன் முனை டோனின் அதிர்வெண்ணிலேயே இருக்கும். டோன் 3000 ஹெர்ட்ஸில் இருக்க, முனை 1700-இல் விழுந்தால், டோனை வாங்குவது 1700-க்குரிய இடம்தான். எல்லையும் அங்கேதான்.

பழைய முறையில் இதற்கு நிறைய நேரம் பிடிக்கும். இரைச்சலின் அதிர்வெண் தானாக நகர, டோன் கேட்கும்வரை நோயாளி பட்டனை அமுக்கிப் பிடித்து, கேட்காதபோது விடும் வேகமான வடிவம் இப்போது இருக்கிறது. மறைக்கும் ஒலியாகச் சுத்தமான டோனை வைக்கக் கூடாது. இரண்டு டோன்கள் அருகருகே வந்தால் அதிரும் துடிப்பு கேட்கும், நோயாளி அதைப் பிடித்துக்கொள்வார், முனையின் இடம் தவறிப்போகும். எல்லா மருத்துவமனையிலும் இந்த வசதி இருக்காது. அன்றாட வேலைக்கு டென் சோதனை பெரும்பாலும் போதும்.

முடிவை வைத்து மெஷினில் என்ன மாற்றுவது

உயர் அதிர்வெண்ணில் நீண்டு கிடக்கும் செயலிழந்த பகுதிக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 2001-இல் விக்கர்ஸ், மூர், பேர் ஆகியோரின் ஆய்வில், எல்லை அதிர்வெண்ணைப் போல் சுமார் 1.7 மடங்கு அதிர்வெண் வரையுள்ள ஒலிகளை மெஷினால் பெருக்கினால் பேச்சுப் புரிதல் கூடியது. அதற்கு மேல் பெருக்கியபோது பலன் இல்லை, சிலருக்குக் குறையவும் செய்தது. நம் உதாரணத்தில் எல்லை 1500-க்கும் 2000-க்கும் நடுவில். 1.7-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2550 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை. அதற்கு மேலே மெஷினை முறுக்குவதால் விசில் சத்தமும் அசௌகரியமும்தான் மிஞ்சக்கூடும்.

ஆனால் இந்தக் கணக்கைக் கத்திரிக்கோலாகப் பிடித்துக்கொண்டு எல்லாரிடமும் நறுக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. ராபின் காக்ஸ் குழுவினர் 2011, 2012-இல் வெளியிட்ட ஆய்வுகளில், மிதமானது முதல் கடுமையானது வரையிலான கேளாமை உள்ளவர்களைப் பார்த்தார்கள். இவர்களில் செயலிழந்த பகுதி உள்ளவர்கள் பலருக்கு அது ஓரிரு அதிர்வெண்ணில் மட்டுமே இருந்தது. உயர் அதிர்வெண் ஒலியைக் குறைக்காமல் வழக்கம்போலக் கொடுத்தபோதே இவர்களுக்கு நன்மை இருந்தது. எனவே ஒரே ஒரு அதிர்வெண்ணில் 'உண்டு' என்று வந்தால் அமைப்பைத் தொடாதீர்கள். தொடர்ச்சியாகப் பல அதிர்வெண்ணில் வந்தால் மட்டுமே குறைப்பதைப் பற்றி யோசியுங்கள்.

அப்போதும் ஒரேயடியாகக் குறைக்க வேண்டாம். மெஷினில் இரண்டு புரோகிராம் வையுங்கள், ஒன்று வழக்கமான பெருக்கம், மற்றது எல்லையின் 1.7 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வெண்களில் பெருக்கத்தைக் குறைத்தது. நோயாளி இரண்டையும் தன் வீட்டிலும் வேலையிடத்திலும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தட்டும். திரும்பி வரும்போது இரைச்சலில் பேச்சுப் புரிதல் சோதனையை இரண்டிலும் செய்யுங்கள். எண்ணும் அவர் சொல்வதும் ஒத்துப்போனால் முடிவு சுலபம். முரண்பட்டால் நான் அவர் பக்கம் சாய்வேன், மெஷினைப் போட்டுக்கொண்டு இருக்கப் போகிறவர் அவர்தான்.

உயர் அதிர்வெண் ஒலிகளைக் கீழே இறக்கித் தரும் வசதி பல மெஷின்களில் இருக்கிறது. சிலருக்கு 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகள் இருப்பதாவது தெரியவரும். பழக நாளாகும், எல்லாருக்கும் பலன் தராது. செயலிழந்த பகுதி மிகப் பரவலாக இருந்து, நன்றாக அமைத்த மெஷினிலும் பேச்சு புரியவில்லை என்றால், காக்ளியர் இம்பிளாண்டுக்கு (உட்செவியில் பொருத்தி நரம்பை நேரடியாகத் தூண்டும் கருவி) தகுதி பார்க்க அனுப்பத் தயங்கக் கூடாது. தாழ்ந்த அதிர்வெண் நன்றாக இருப்பவர்களுக்கு, கீழே மெஷின், மேலே இம்பிளாண்டு என்று ஒரே காதில் இரண்டையும் சேர்த்துத் தரும் முறையும் உண்டு.

தாழ்ந்த அதிர்வெண்ணில் இருந்தால்

இது அரிது, எளிதில் தப்பிப்போகவும் செய்யும். காக்ளியாவில் அசைவு அடிப்பகுதியிலிருந்து உச்சியை நோக்கிப் பயணிப்பதால், தாழ்ந்த டோனும் போகிற வழியில் உயர் அதிர்வெண் இடங்களை அசைத்துவிட்டே போகிறது. அதனால் உச்சிப்பகுதி செத்துக் கிடந்தாலும் 500 ஹெர்ட்ஸ் டோன் 40, 50 டெசிபலிலேயே கேட்டுவிடலாம். ஆடியோகிராமைப் பார்த்தால் மிதமான கேளாமை என்றுதான் தோன்றும். தாழ்ந்த அதிர்வெண்ணில் இழப்பு அதிகமாகவும் உயர்ந்த அதிர்வெண்ணில் குறைவாகவும் உள்ள ஆடியோகிராம் இருந்து, பேச்சு எதிர்பார்த்ததைவிடக் குறைவாகப் புரிந்தால், த்ரெஷோல்டு 70-ஐத் தொடாவிட்டாலும் டென் சோதனை செய்துவிடுங்கள்.

இங்கே கணக்கு தலைகீழ். எல்லை அதிர்வெண்ணின் சுமார் 0.57 மடங்குக்குக் கீழே பெருக்குவதில் பயனில்லை என்று வினயும் மூரும் செய்த ஆய்வு காட்டியது. எல்லை 1000 ஹெர்ட்ஸ் என்றால் 570-லிருந்து மேல்நோக்கிப் பெருக்கலாம்.

அறிக்கையில் என்ன இருக்க வேண்டும்

'செயலிழந்த பகுதி உண்டு' என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தால் அடுத்து பார்ப்பவருக்கு எதுவும் விளங்காது. ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் அமைதி எண், இரைச்சல் அளவு, இரைச்சலில் கிடைத்த எண் மூன்றையும், எந்த ஹெட்ஃபோன், எத்தனை டெசிபல் படி என்பதையும் எழுதுங்கள். 'உண்டு', 'இல்லை', 'முடிவு தெரியவில்லை' மூன்றையும் தனித்தனியாகக் காட்டுங்கள். எல்லையை ஒற்றை எண்ணாக இல்லாமல் 1500-க்கும் 2000-க்கும் இடையில் என்று எழுதுவதுதான் நேர்மை.

நோயாளியிடம் விளக்கும்போது 'செத்துப்போன பகுதி' என்று சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போகாதீர்கள். முழுக் காதும் போய்விட்டது என்று நினைத்துவிடுவார். எந்தப் பகுதி நன்றாக வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்: "1500 வரைக்கும் உங்க காது நல்லா வாங்குது, பேச்சுல முடிஞ்ச அளவு விஷயத்தை அந்தப் பகுதியை வச்சே பிடிக்கப் பார்ப்போம்." பிறகு மேலே ஏன் குறைக்கிறோம் என்று சொன்னால் மனதில் ஏறும்.

நோயாளியாக நீங்கள் இதைப் படிப்பதாக இருந்தால், அறிக்கையின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மெஷினை மாற்றும்போதும் வேறு ஆடியாலஜிஸ்டிடம் போகும்போதும் ஆடியோகிராமோடு அதையும் கொடுங்கள். பிறகு எப்போதாவது த்ரெஷோல்டு 10 டெசிபல் அளவுக்கு மாறினாலோ, பேச்சுப் புரிதல் குறைந்தாலோ, காதைப் பாதிக்கும் மருந்து எடுக்க நேர்ந்தாலோ சோதனையை மறுபடி செய்யச் சொல்லுங்கள். ஒரு காதில் திடீரென்று சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கேட்பது குறைந்தால் மட்டும் இந்தச் சோதனைக்கு நேரம் குறித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.